சல்லடையும் நீலக்கரைக் கிண்ணமும்

சல்லடை ஒரு ஓட்டலுக்குள் நுழைந்து நாற்காலியை இழுத்துப் போட்டால் பரிமாறுகிறவருக்கு வியர்க்க ஆரம்பித்துவிடும். சல்லடை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நகரத்துக் குடிநீரைச் சோதிக்கும் கூடத்தில் அவரோடு வேலை பார்க்கிறவர்கள் அன்போடு, அதாவது அவர் முதுகுக்குப் பின்னால், வைத்த பெயர். கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு மோந்து பார்ப்பார். சுத்தம் என்று இயந்திரமே சொல்லிவிட்ட பிறகும் இன்னொரு தரம் மோந்து பார்ப்பார். இயந்திரத்துக்கு மூக்கு கிடையாதே என்பது அவர் கட்சி. இப்படி ஒரு மனுஷன் இருப்பதால்தான் ஊர் வயிற்றுப்போக்கு இல்லாமல் இருக்கிறது என்று அவர் நம்பினார். அவரை மறுத்துப் பேச ஊருக்கு நேரமில்லை.

தண்ணீருக்கே இந்தக் கதி என்றால் சாப்பாட்டுக்குக் கேட்க வேண்டுமா? சல்லடை பிறவிச் சைவம். அதுவும் சும்மா சைவம் இல்லை, அதைப் பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே சாப்பிடுகிற சைவம்.

"இதுல கறி இருக்கா?"

"இல்ல சார்."

"கோழி?"

"இல்ல சார்."

"மீன்?"

"இல்ல சார்."

"கறி கிளறின கரண்டியை இதுல போட்டுக் கிளறுவீங்களா?"

"வேற கரண்டி சார்."

"முட்டை?"

"அது... உள்ள கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்."

இந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவர் வெளியே சாப்பிடவே போவார் என்று நினைக்கிறேன். பரிமாறுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு விழித்து, உள்ளே கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று நழுவும்போது சல்லடையின் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா? கேட்டாத்தான் தெரியும். இந்த உலகத்துல எவனுக்கும் கேக்கத் தெரியல" என்பார்.

மனைவி எதுவும் சொல்லமாட்டார். தெருவில் எல்லோருக்கும் அவர் தையல்காரம்மா. புதுத்துணி தைப்பதில்லை, கால்சட்டையைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிரித்துவிடுவது, இதுதான் தொழில். தெருவில் யார் வயிறு எந்த வருஷம் எவ்வளவு பெருத்தது என்பது அவருக்கு அத்துப்படி, ஆனால் வாயைத் திறக்கமாட்டார். பாதி நேரம் வாயில் குண்டூசி இருக்கும், திறக்கவும் முடியாது. வீட்டிலும் அந்தப் பழக்கமே வந்துவிட்டது. ஊசி இல்லாத நேரத்திலும் அவர் பேசாமலே இருக்க, சல்லடை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மகன் கல்யாணம் செய்துகொள்கிற வரை.

மருமகள் நல்ல பெண். படித்தவள், சிரித்த முகம், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பாள். கறி, மீன், முட்டை எதையும் தொடாதவள் என்று மகன் சொன்னபோது சல்லடைக்குத் தலைகால் புரியவில்லை. "என் பையன்னா சும்மாவா? சல்லடை போட்டுத் தேடியிருக்கான்" என்று சொன்னார், தன் பட்டப்பெயர் தெரியாமலே. முதல் தடவையாக மாமனார் வீட்டுக்கு அவள் சாப்பிட வந்தாள். சாதத்துக்குப் பக்கத்தில் தயிர்க் கிண்ணத்தை வைத்தார்கள். அவள் அதை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"ஏம்மா, சளியா?" என்றார் சல்லடை, கரிசனத்தோடு.

"இல்ல மாமா. நான் வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் சாப்பிடறதில்ல."

"பால்ல என்னம்மா பாவம் இருக்கு?"

"கன்னுக்குட்டிக்கு உள்ளது மாமா. நாம எடுத்துக்கறது எனக்குப் புடிக்கல."

"அப்போ நாங்கல்லாம் திருடறோம்கறியா?"

அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது. "கேக்காம எடுத்தா வேற என்ன மாமா பேரு?" என்று கேட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். சல்லடையின் முகம் விழுந்துவிட்டது. கோபம் தயிருக்காக இல்லை, அது தையல்காரம்மாவுக்கு அப்போதே தெரியும். இத்தனை வருஷமாகச் சுத்தத்தில் தனக்கு மேலே ஆளில்லை என்று உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருந்த மனுஷன். இப்போது அண்ணாந்து பார்த்தால் அதற்கும் மேலே ஒரு கொம்பு. அதில் நேற்று வந்த பெண் ஒருத்தி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாருக்குத்தான் பொறுக்கும்?

"இந்த வீட்டுத் தயிரைத் தள்ளினவ இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்" என்றார்.

மகன் எழுந்து கையைக் கழுவினான். "அவ வராத வீட்டுக்கு நானும் வரல" என்று சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அந்த வாய்க்கு இந்த வாய் சளைக்கவில்லை, அப்பனுக்குப் பிள்ளை. தையல்காரம்மா தயிர்க் கிண்ணத்தை எடுத்து அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதார்.

பல மாதம் பேச்சுவார்த்தை இல்லை. வழி கிடைத்தது தையல்காரம்மாவின் கடைக்கு இரண்டு கடை தள்ளியிருந்த வியட்நாம் சாப்பாட்டுக் கடையில். அதை நடத்துகிறவள் வியட்நாமியப் பெண். இந்தத் தெருவில் வருஷக்கணக்காக இருந்து நம் பேச்சையும் பிடித்துக்கொண்டவள். ஆனால் வார்த்தையை எடை போட்டுத்தான் செலவு செய்வாள். சமையல்கட்டு ஏப்ரன்களின் கயிறு அறுந்தால் தையல்காரம்மாவிடம்தான் கொண்டுவருவாள். ஒருநாள் பேச்சு வாக்கில், "எங்க சமையல்ல பால் இல்ல, நெய் இல்ல. சோயா டோஃபு போட்ட நூடுல்ஸ் சூப்பு, கறி இல்லாம, நிறைய பேர் சாப்பிடறாங்க" என்றாள்.

தையல்காரம்மாவுக்குப் பொறி தட்டியது. அவருக்குக் கறியில்லை, அவளுக்குப் பாலில்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார இந்த ஊரிலேயே இது ஒன்றுதான் இடம். இரண்டு தேசங்களுக்கு நடுவே தூது போகிறவர்கள்கூட அவ்வளவு அலைந்திருக்கமாட்டார்கள். மகனிடம் கெஞ்சினார், புருஷனிடம் தலைவலி என்று படுத்தார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கடையில் நான்கு பேரும் சந்திப்பது என்று ஏற்பாடாயிற்று. வீட்டு வாசலைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்பது பேசாமலே போட்ட ஒப்பந்தம்.

சின்னக் கடை அது. முன்பக்கக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, வெளியே போகிறவர்கள் நிழலாகத் தெரிவார்கள். தகர மேசைகள், டம்ளர் நிறையச் சாப்பிடும் குச்சிகள், மூலையில் ஒரு பலகையில் சின்னதாக ஒரு புத்தர், அவருக்கு முன்னால் சிவப்பு விளக்கும் ஆரஞ்சுப் பழமும். முதல் ஞாயிற்றுக்கிழமை சல்லடை உட்கார்ந்ததுமே விசாரணை தொடங்கியது. கறி, கோழி, மாடு, பன்றி, மீன், இறால், நண்டு, முட்டை, எலும்பு, கரண்டி, கத்தி, பலகை, எண்ணெய். கடைக்காரி ஒவ்வொன்றுக்கும் "இல்ல" என்றாள். உள்ளே போய்க் கேட்டு வருகிறேன் என்று சொல்லவே இல்லை, சமைப்பதே அவள்தானே. சல்லடை கொஞ்சம் ஏமாந்துபோனார்.

அப்போது மருமகள் மெதுவாக, "மாமா, ஒரு விஷயம். இந்த மாதிரி கடைங்கள்ல உப்புக்குப் பதிலா..." என்று ஆரம்பித்தாள்.

"நிறுத்து." சல்லடை கையைக் காட்டினார். "நான் கேட்டாச்சு. பிறவிச் சைவம் நான். தயிர் வேணாம்னவ எனக்குச் சைவம் கத்துக்குடுக்க வேணாம்."

மகன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். மருமகள் மேசைக்கடியில் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு கை கழுவப் போகிறவள் மாதிரி எழுந்து, கல்லாப் பக்கம் நின்று கடைக்காரியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். சூப்பு வந்தது. மூன்று பேருக்கு வெள்ளைக் கிண்ணம், அவளுக்கு மட்டும் நீலக்கரை போட்ட கிண்ணம்.

"மகாராணிக்குத் தனிக் கிண்ணம்" என்றார் சல்லடை. சூப்பைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கினார், ஒரு கண்ணை மூடினார், மோந்தார், குடித்தார்.

"ஆஹா" என்றார். "என்ன ஒரு ருசி! நாக்குல ஒட்டிக்குது. கறியைப் போட்டாத்தான் ருசின்னு சொல்றானுங்களே மடப்பசங்க, இதைக் குடிச்சுப் பாக்கச் சொல்லணும். சுத்தமான காய்கறிச் சாரம். சைவத்துக்கு நிகர் சைவம்தான்."

அடியில் மிச்சமிருந்ததையும் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று அவரே கேட்க ஆரம்பித்தார். மருமகளோடு பேசமாட்டார், ஆனால் அவள் எதிரில் உட்கார்ந்து சந்தோஷமாகச் சாப்பிடுவார். போதாக்குறைக்கு ஆபீஸில் போய்த் தம்பட்டம் அடித்து, அவருடைய நற்சான்றின் பேரில் சோதனைக்கூடத்தில் இருந்த சைவக்காரர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே சாப்பிடத் தொடங்கினார்கள். தலைமை அதிகாரி சல்லடையைவிடக் கெடுபிடி. அவரே, "நீங்க பாத்துட்டீங்கன்னா அப்பீலே இல்ல" என்று சொல்லிச் சாப்பிட்டார். சல்லடை அன்றைக்கு முழுவதும் தரையில் நடக்கவில்லை.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. மருமகள் முழுகாமல் இருந்தாள். அவளுக்குத் தாய் இல்லை. தையல்காரம்மா கடையில் மிஞ்சிய பருத்தித் துணிகளை வெட்டி, உள்ளங்கை அகலத்தில் குட்டிக் குட்டிச் சட்டைகளாகத் தைத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டே வந்தார். பிறக்கிற பிள்ளையைத் தன் வீட்டுக் கட்டிலில் போட்டு அந்தச் சட்டையை மாட்டிப் பார்க்க வேண்டும், அதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை. ஆனால் மகன் தீர்த்துச் சொல்லிவிட்டான்: "அவளைக் கூப்பிடாத வீட்டுக்கு அவ பிள்ளையும் வராதும்மா." சல்லடையிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். "அதான் ஞாயித்துக்கிழமை பாக்கறோமே" என்றார் அந்தப் புண்ணியவான், பல்லைக் குத்திக்கொண்டு.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேருக்கும் வெள்ளைக் கிண்ணமே வந்தது. மருமகளுக்கும் வெள்ளைதான். கடைக்காரியை ஒரு பார்வை பார்த்து, அவள் தலையாட்டியதும் குடித்தாள். சல்லடை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, வெந்நீர் மாதிரி இருக்கு? உப்புமில்ல சப்புமில்ல. நாளைக்கு அந்தம்மா உன் கடைக்கு வந்தா கேளு, என்ன ஆச்சு கைப்பக்குவம்னு."

மறுநாள் காலையில் கடைக்காரி கயிறறுந்த ஏப்ரனோடு வந்தாள். தையல்காரம்மா விஷயத்தைச் சொன்னார். கடைக்காரி சிரித்தாள்.

"நேத்து பௌர்ணமி. அமாவாசை, பௌர்ணமி ரெண்டு நாளும் நான் சைவம், இந்த மாசத்துல இருந்து கடையிலயும் அப்படித்தான். அன்னைக்குக் கறி இல்லாத பெரிய பானையும் முழுச் சைவம். எல்லா கிண்ணமும் ஒண்ணுதான்."

தையல்காரம்மாவின் கையில் தையல் மிஷின் சக்கரம் நின்றது. "அப்போ... மத்த நாள்?"

"மத்த நாள் நீலக் கிண்ணம் மட்டும் முழுச் சைவம். அது தனிச் சட்டி. வெள்ளைக் கிண்ணத்துல மீன் சாஸ் உண்டு."

"மீனா!"

"மீன் இல்ல. மீன் சாஸ். மீனை உப்புல ஊறப்போட்டு வடிக்கிற தண்ணி. உங்க வீட்டுக்காரர் மீன் கேட்டார், மீன் இல்லன்னு சொன்னேன். இறால் கேட்டார், கத்தி கேட்டார், பலகை கேட்டார். மீன் சாஸ் கேக்கல. எனக்கு அது உப்பு மாதிரி. அவருக்கு ரொம்பப் பிடிச்சுது, அதனால ஒரு கரண்டி கூடவே போடுவேன்."

தையல்காரம்மா எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். ஒரு வருஷத்து மீனை ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவ முடியாது என்று தெரிந்துதான் கொப்பளித்தார். அருவருப்பு கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. போகாமல் நின்றது ஆத்திரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம்; இங்கே ஒருவருமே மறைக்கவில்லை, ஒரு வருஷமாக மீனை ரசித்து ரசித்துக் குடித்துவிட்டு, ஒரு சொட்டுப் பாலுக்குக்கூட மனசு கேட்காத பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார் தன் புருஷன்.

அந்த வாரமே மருமகள் சட்டைகளைத் தளர்த்துவதற்காகக் கடைக்கு வந்தாள். பக்கத் தையலைப் பிரித்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே, வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, தையல்காரம்மா கேட்டார்.

"நீலக் கிண்ணம் ஏன்னு உனக்குத் தெரியும்ல?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "முதல் நாளே சொல்ல வந்தேன் அத்தை. மாமா விடல. உங்க மூணு பேருக்கும் சேத்துத்தான் தனியா செய்யச் சொன்னேன். அந்தம்மா, 'அவர் எல்லாம் கேட்டுட்டார், அவருக்கு இது போதும்'னுட்டாங்க."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா மாமா அந்தக் கடைக்கு வரமாட்டாரு. அந்தக் கடையும் இல்லேன்னா நாம நாலு பேரும் ஒண்ணா எங்க அத்தை உக்காருவோம்?"

"அதுக்காக நான் மீனைத் தின்னேனே!" என்றார் தையல்காரம்மா, அழுதுகொண்டே சிரித்தபடி.

"அது என் தப்புதான். உங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும். திட்டுங்க அத்தை."

திட்டுவதற்கு அவருக்கு நேரமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சைவம் என்று கேட்கிற எல்லோருக்கும் நீலக் கிண்ணத்துச் சூப்பையே வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லிக் கடைக்காரியிடம் ஏற்பாடு செய்தார். மீனும் போயிற்று, சண்டையும் இல்லை, காதும் காதும் வைத்த மாதிரி முடிந்தது என்று நினைத்தார். பாவம், சல்லடையின் நாக்கை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அன்றைக்குச் சப்பென்றிருந்ததற்குப் பௌர்ணமிதான் காரணம் என்று மனைவி சொல்லி வைத்திருந்ததால், முதல் வாரம் சல்லடை, "இன்னைக்கும் பௌர்ணமியா?" என்று எரிந்து விழுந்தார். அடுத்த வாரம் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தார். ஆபீஸிலும் வெள்ளிக்கிழமைக்காரர்கள், என்ன சார், உங்க கடை இறங்கிடுச்சே என்று குறைப்பட்டுக்கொண்டார்களாம். பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார்.

"போதும். அடுத்த வாரத்துல இருந்து நான் இங்க வரல. நான் வராத இடத்துக்கு நீயும் வர வேணாம்" என்றார் மனைவியைப் பார்த்து.

தையல்காரம்மாவின் கணக்கு தலைகீழாகிவிட்டது. மீனை ஊற்றினால்தான் பிள்ளையைப் பார்க்கலாம், மீனை எடுத்தால் பிள்ளையும் இல்லை! எதிரே மருமகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் சல்லடை கையைத் தட்டிக் கடைக்காரியைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்கம்மா. எனக்கு நாக்கு இருக்கு. ஒரு வருஷமா நீங்க இதுல ஏதோ ஒண்ணு போட்டுட்டிருந்தீங்க. இப்போ அதை நிறுத்திட்டீங்க. ஆமாவா இல்லையா?"

"ஆமா" என்றாள் கடைக்காரி.

"பாத்தியா!" சல்லடை மேசையைத் தட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கேட்டாத்தான் தெரியும். எங்க ஆபீஸ்ல என்னை ஏமாத்தின தண்ணி கிடையாது. அதை மறுபடியும் போடுங்க. எனக்கு அது வேணும்."

கடைக்காரி தையல்காரம்மாவைப் பார்த்தாள். தையல்காரம்மா கிண்ணத்தைப் பார்த்தார்.

"போட்டா சைவம் இல்ல" என்றாள் கடைக்காரி.

"என்னம்மா உளர்றீங்க? அப்படி என்னத்தைப் போட்டீங்க?"

கடைசியில் தையல்காரம்மாவுக்கு வாயில் ஊசி இல்லை என்பது ஞாபகம் வந்தது.

"மீனு" என்றார். "மீன் சாஸ். ஒரு வருஷமா கிண்ணத்தைத் தூக்கிக் குடிச்சீங்களே, அது மீனு. நாக்குல ஒட்டிக்குதுன்னீங்களே, அதுவும் மீனு."

சல்லடையின் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு எல்லா ரத்தமும் ஒன்றாக வந்தது. "மோசடி! இத்தனை கேட்டேனே, ஏம்மா சொல்லல?"

"நீங்க கேட்டது எல்லாத்துக்கும் சொன்னேன். இதைக் கேக்கல" என்றாள் கடைக்காரி. அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "கேட்ட பொண்ணுக்கு நீலக் கிண்ணம் குடுத்தேன்."

சல்லடை மருமகள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுட்டே உக்காந்து வேடிக்கை பாத்தியா?"

"முதல் நாளே சொல்ல வந்தேன் மாமா" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "தயிர் வேணாம்னவ எனக்குச் சைவம் கத்துக்குடுக்க வேணாம்னீங்க. அப்புறம் சொல்லாதது என் தப்பு. மன்னிச்சிருங்க."

மகன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பை அடக்குகிறான் என்பது அவன் காது சிவந்ததில் தெரிந்தது. சல்லடை எழுந்து, யாரையும் பார்க்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

பூட்டிக் கிடந்த தையல் கடைப் படியில் போய் உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆபீஸுக்குத் தெரியக்கூடாது" என்றார் சல்லடை, காற்றுப் போன குரலில். "தலைமை அதிகாரி என்னை நம்பித்தான் சாப்பிட்டாரு. சம்சாரத்தையும் கூட்டிட்டு வந்தாரு. தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்."

இதுதான் மனுஷன்! மீன் வயிற்றுக்குள் போனதைப் பற்றி அவருக்குக் கவலை ரெண்டாம்பட்சம், விஷயம் வெளியே போகுமே என்பதுதான் பெரிய கவலை. தையல்காரம்மாவுக்கு எத்தனையோ வருஷத்துக் கோபம் ஒன்றாகக் கிளம்பியது. ஆனால் அவர் தையல்காரி. எங்கே பிரிக்க வேண்டும், எங்கே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று தெரியும்.

"நானும்தான் தின்னேன். நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல" என்றார். "உங்க பிள்ளை சொல்லமாட்டான். அந்தப் பொண்ணு ஒரு வருஷமா வாயைத் திறக்கல, இனிமேயா திறக்கப் போறா? ஆனா ஒண்ணு. உங்க மானம் இப்போ அவ கையில இருக்கு. அவளை வாசல்ல நிக்க வெச்சுட்டு அதைக் கேக்க முடியாது."

"என்னடி, மிரட்டறியா?"

"ஆமாங்க. மிரட்டறேன்."

சல்லடை திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார்.

"எனக்கு என் பேரப்பிள்ளை என் வீட்டுக் கட்டில்ல கிடக்கணும்" என்றார் தையல்காரம்மா. "அலமாரி நிறையச் சட்டை தெச்சு வெச்சிருக்கேன், நீங்க ஒரு நாள் கதவைத் திறந்து பாத்ததில்ல. ஊர்த் தண்ணியெல்லாம் வெளிச்சத்துல தூக்கிப் பாப்பீங்க. போங்க, உள்ள போய் அவளைக் கூப்பிடுங்க. நீங்களே, உங்க வாயால."

சல்லடை படியை விட்டு எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கடைக் கதவுவரை போனவர் திரும்பி, "என்ன சமையல்னு சொல்லட்டும்?" என்று கேட்டார், ஏதோ பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

"சாதம், பருப்பு, ரெண்டு காய்."

உள்ளே மகனும் மருமகளும் மிச்சச் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சல்லடை மேசைப் பக்கத்தில் போய் நின்றார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கட்டிக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை... நம்ம வீட்டுக்கு வாங்க. சாப்பிட."

மருமகள் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"வர்றேன் மாமா. என்ன சமையல்?"

"சாதம், பருப்பு, ரெண்டு காய்."

"பருப்புல நெய் இருக்கா?"

"இல்ல."

"காய்ல வெண்ணெய்?"

"இல்லம்மா."

"பால்?"

"இல்லம்மா."

"நெய் எடுத்த கரண்டியை இதுல போட்டுக் கிளறுவீங்களா?"

"வேற கரண்டிம்மா."

மருமகளின் உதடு லேசாகத் துடித்தது. கதவருகே வந்து நின்ற தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தேன்?"

சல்லடை விழித்தார். நெற்றியில் வியர்த்திருந்தது. கதவுப் பக்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார், மறுபடியும் மருமகளைப் பார்த்தார்.

"அது... உள்ள கேட்டுட்டு வந்து சொல்றேன்மா" என்றார்.